வாசல்ல ஒரு நீல ஸ்ப்ரூஸ்: தோட்டம் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே செடியைப் பத்திதான். குளோப் ப்ளூ ஸ்ப்ரூஸ், ஊசி ஊசியா இலை இருக்கிற குள்ள நீலச் செடி. ஏன்னு புரியுது, பனி கரைஞ்சு வாசல் மொட்டையா கெடக்கு, கார்ல போகும்போது யாரோ வீட்டு முன்னாடி நீலமா உருண்டையா ஒண்ணு ஜம்முனு உக்காந்திருக்கும், மறுநாளே நமக்கும் நர்சரிக்கு ஓடணும்னு தோணும். அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசம். கறிவேப்பிலை ஆளுங்க கோவிச்சுக்காதீங்க.

அக்கா, நாங்கள் ஸ்கார்பரோவில இருக்கிறம். முன் வளவு சின்னன், 25 அடி அகலம் வருமோ தெரியேல்லை. நடுவில நீலக் கலரில ஒரு மரம் வைக்க விருப்பம். போன கிழமை நர்சரியில கொலராடோ ப்ளூ ஸ்ப்ரூஸ் எண்டு ரெண்டடிக் கண்டு ஒண்டு மலிவாக் கிடந்தது, வாங்கிக்கொண்டு வந்திட்டன், இன்னும் நடேல்லை. இவர் சொல்லுறார் உது வளர்ந்து வீட்டையே மறைச்சுப்போடும் எண்டு. உண்மையே? (ஒரு வாசகி, ஸ்கார்பரோ)

உண்மைதான் தங்கச்சி. இந்த ஒரு தடவை வீட்டுக்காரர் சொல்றதைக் கேட்டுருங்க. நீங்க வாங்கினது அசல் மலை மரம். 1862ல சார்லஸ் பாரின்னு ஒரு தாவரவியல்காரர் கொலராடோவுல பைக்ஸ் பீக் மலையில இதைப் பார்த்து விதை சேகரிச்சார், அதுக்கப்புறம்தான் உலகத்துத் தோட்டமெல்லாம் பரவுச்சு. கொலராடோவுக்கு 1939ல இருந்து இதுதான் மாநில மரம். பக்கத்து யூட்டாவும் இதையேதான் ரொம்ப வருஷம் வச்சிருந்தாங்க, 2014ல மாத்திட்டு ஆஸ்பென் மரத்தை வச்சுக்கிட்டாங்க. அந்த மலையில ஓடைக்கரை ஓரமா 70 அடி, அதுக்கு மேலயும் போகும். வீட்டுத் தோட்டத்துல வச்சாலும் 50 அடி உயரம் 20 அடி அகலம் சர்வ சாதாரணம். உங்க 25 அடி வாசல்ல 20 அடியை அது எடுத்துக்கிட்டா மிச்சம் 5 அடியில நீங்க ஒருக்களிச்சுதான் வீட்டுக்குள்ள போகணும். பில் இருந்தா திருப்பிக் குடுத்துருங்க, இல்லாட்டி பெரிய வளவு இருக்கிற சொந்தக்காரங்க யாருக்காவது குடுங்க.

உங்களுக்கு வேண்டியது நான் முதல்ல சொன்ன குளோப் ப்ளூ ஸ்ப்ரூஸ், அதாவது குளோபோசா. டேக்ல பைசியா பங்கென்ஸ் குளோபோசான்னு இருக்கும், சில இடத்துல க்ளாக்கா குளோபோசான்னு போட்டிருப்பான், ரெண்டும் ஒண்ணுதான். பங்கென்ஸ்னா குத்துறதுன்னு அர்த்தம், ஒரு தடவை தொட்டுப் பார்த்தா யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. இந்தக் குள்ள ரகம் 1937ல நெதர்லாந்துல பாஸ்கோப்னு ஒரு ஊர்ல, ஊரே நர்சரிதான் அங்க, விதையில இருந்து முளைச்ச நாத்துங்களுக்கு நடுவுல வளர மாட்டேன்னு அடம் பிடிச்ச ஒண்ணுல இருந்து வந்தது. அதோட குச்சியை வெட்டி ஒட்டுக் கட்டி ஒட்டுக் கட்டித்தான் இன்னிக்கு வரைக்கும் பெருக்குறாங்க, அதான் விலை ஜாஸ்தி. வருஷத்துக்கு 5ல இருந்து 10 சென்டிமீட்டர்தான் வளரும். பத்து வருஷத்துல உங்க இடுப்பு உயரம் வரும்னு வச்சுக்கங்க. முழுசா வளர்ந்தா 3 முதல் 5 அடி உயரம், 5 முதல் 6 அடி அகலம். குளிர் ஒரு பிரச்சினையே இல்ல, குளிரை வச்சு ஊரைப் பிரிக்கிற கணக்குல ரொம்பக் குளிரான மண்டலம் 2 வரைக்கும் தாங்குற செடி, டொரன்டோ குளிர் அதுக்கு வசந்த காலம் மாதிரி.

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஃபேட் ஆல்பர்ட்னு ஒண்ணு விக்கிறான், குண்டா குட்டியா இருக்கும்னு நினைச்சு வாங்கிடுவோம், அது 15 அடி போகும். மான்ட்கோமரின்னு ஒண்ணு, சின்ன வயசுல குளோபோசா மாதிரியே இருக்கும், வயசானா மெல்ல கூம்பா மாறும், அது பரவாயில்ல, அழகாத்தான் இருக்கும். அப்புறம் நெட்டையா ஒரு தண்டு, உச்சியில பந்து, இப்படி ஒண்ணு வச்சிருப்பான். அது வேற ஸ்ப்ரூஸ் தண்டு மேல குளோபோசாவை ஒட்டுக் கட்டினது. தண்டு அதுக்கு மேல உயராது, பந்து மட்டும்தான் பெருக்கும். இடம் ரொம்பக் குறைச்சல்னா அது நல்லது, கீழ பூச்செடி வைக்கலாம், ஆனா எனக்கென்னவோ அது குச்சி மிட்டாய் மாதிரி தெரியுது, தரையோட உக்காந்திருக்கிறதுதான் அழகு.

இப்ப எங்க நடுறதுங்கிறதுக்கு வருவோம், எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான், நானும் விட்டேன். மார்க்கம்ல வீடு வாங்கின புதுசுல, 2010ன்னு நினைக்கிறேன், நடைபாதையில இருந்து ரெண்டே அடி தள்ளி நட்டேன். கால்பந்து சைஸ்ல இருந்துச்சு, எவ்வளவு பெருசாயிடப் போகுதுன்னு ஒரு எகத்தாளம். எட்டு வருஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் பாதையில கையை நீட்டுச்சு. தபால்காரர் குத்துதுன்னார், மழைக்காலத்துல வர்ற விருந்தாளி எல்லாரும் சேலையை நனைச்சுக்கிட்டு வந்தாங்க. ஒரு நாள் கோவத்துல கத்தரியை எடுத்துப் பாதைப் பக்கம் நேரா வெட்டி விட்டேன். உள்ள பார்த்தா ஊசியே இல்ல, வெறும் பழுப்புக் குச்சி. செம்பருத்தி மாதிரி வெட்டின இடத்துல துளிர்க்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஸ்ப்ரூஸ் அப்படி இல்லங்க, ஊசி இல்லாத பழைய கட்டையில இருந்து மறுபடி துளிர் வராது. இன்னிக்கும் அந்தப் பக்கம் வழுக்கையாத்தான் இருக்கு, ஹால்ல உக்காந்தா நேரா அதுதான் தெரியும்.

அதனால 6 அடி அகலக் கோலம் ஒண்ணு மனசுல போட்டுக்கங்க, நடு மையத்துல இருந்து பாதைக்கும் சுவருக்கும் குறைஞ்சது 4 அடி விடுங்க. சுத்தி வெத்தா இருக்குதேன்னு பயப்படாதீங்க, அதுக்குப் பூச்செடி இருக்கு. ஆறு மணி நேரம் நேர் வெயில் வேணும், நிழல்ல நீலமும் மங்கும், உருவமும் பொக்கையா போயிரும். தோண்டுறதுக்கு முன்னாடி ஒன்டாரியோ ஒன் காலுக்குச் சொல்லிருங்க, காசு கிடையாது, கேஸ் கரண்ட் லைன் எங்க போகுதுன்னு குறிச்சுட்டுப் போவாங்க.

குழி தொட்டி ஆழம்தான், அகலம் மட்டும் ரெண்டு மூணு மடங்கு. நம்ம பக்கம் களிமண்ணு, அதனால வேர்ப்பந்து தரையை விட ஒரு இஞ்ச் ரெண்டு இஞ்ச் மேல நிக்கிற மாதிரி வைங்க, தண்ணி தேங்கினா வேர் அழுகிரும். தொட்டியில வட்டமா சுத்தியிருக்கிற வேரை விரிச்சு விடுங்க, முடியலன்னா வெட்டி விடுங்க. தண்டு அடியில அகலமாகி வேராப் பிரியுற இடம் கண்ணுக்குத் தெரியணும், அதைப் புதைச்சுட்டா செடி உடனே சாகாது, அஞ்சு வருஷம் கழிச்சுச் சாகும், காரணமும் தெரியாது. சாக்குத்துணி, கம்பிக்கூடையோட வந்திருந்தா குழியில இறக்கின பிறகு மேல் பாதியையாவது வெட்டி எடுங்க. மண்ணை மூடப் போடுற மரச்சீவல், அதான் மல்ச், மூணு இஞ்ச் போதும், தண்டை ஒட்டிப் போடாதீங்க. முதல் ரெண்டு வருஷம் வாரத்துக்கு ஒரு தடவை நின்னு நிதானமா தண்ணி விடுங்க.

மேடம், மூணு வருஷம் முன்னாடி குளோப் ஸ்ப்ரூஸ் வச்சோம், நல்லா பளிச்சுனு நீலமா இருந்துச்சு. போன ஜூன்ல ஊசி நடுவுல மெல்லிசா நூலாம்படை மாதிரி இருந்ததால ஊர்ல செய்யிற மாதிரி வேப்பெண்ணெய் கொஞ்சம் சோப்புத் தண்ணியில கலந்து வாராவாரம் அடிச்சேன். இப்ப முழுக்க பச்சை ஆயிடுச்சு, சாதாரணச் செடி மாதிரி. நர்சரிக்காரன் பெயின்ட் அடிச்சு வித்துட்டானான்னு என் மனைவி கேக்குறா. (ஒரு வாசகர், பிராம்ப்டன்)

ஐயோ சார். பெயின்ட் இல்ல, ஆனா அதை நீங்கதான் கழுவி விட்டுட்டீங்க.

பன்னீர் திராட்சை வாங்கியிருப்பீங்க இல்ல, மேல வெள்ளையா பவுடர் பூசின மாதிரி இருக்கும், விரலால தேய்ச்சா கருப்பா பளபளன்னு ஆயிரும். அதே சமாச்சாரம்தான் இது. ஸ்ப்ரூஸ் ஊசி அடியில பச்சைதான். அது மேல மெழுகு மெல்லிசாப் படிஞ்சிருக்கு, வெளிச்சம் அதுல பட்டுச் சிதறி நம்ம கண்ணுக்கு நீலமா தெரியுது. செடி தண்ணி இழக்காம இருக்கவும், மலை உச்சி வெயில்ல கருகாம இருக்கவும் போட்டுக்கிற சட்டை அது. நீங்க எண்ணெயும் சோப்பும் கலந்து வாராவாரம் தலைக்குத் தேச்சுக் குளிப்பாட்டினா சட்டை எப்படி நிக்கும்? வேப்பெண்ணெய் மட்டும் இல்ல, நர்சரியில விக்கிற தோட்ட எண்ணெய் எதுவானாலும் நீல ஊசியிலைச் செடிக்கு ஆகாது, டப்பாவுலயே பொடி எழுத்துல போட்டிருப்பான். கத்தரிச்செடிக்கும் ரோஜாவுக்கும் கை குடுத்த மருந்து இங்க காலை வாரிருச்சு, அவ்வளவுதான்.

செடி சாகாது, பயப்படாதீங்க. எண்ணெய் பட்ட ஊசிக்கு நீலம் திரும்பாது, ஆனா இந்த மே மாசம் ஒவ்வொரு நுனியிலயும் காகிதம் மாதிரி பழுப்புத் தொப்பி ஒண்ணு தெரியும் பாருங்க, அது உதிர்ந்ததும் உள்ள இருந்து புது ஊசி வரும், பூனைக்குட்டி ரோமம் மாதிரி மெத்துனு இருக்கும், வெளிர் நீலம். அதைத் தொடாதீங்க, தடவாதீங்க, பேரப்பிள்ளை தடவினா கூட அந்த இடம் தெரியும். ரெண்டு மூணு வருஷத்துல புது ஊசி பழசை மூடிரும். இன்னொண்ணும் சொல்லிடுறேன், எண்ணெயே படாட்டாலும் பழைய ஊசியில மெழுகு காத்துலயும் பனியிலயும் தேஞ்சுதான் போகும், அதனால செடியோட உள் பக்கம் மங்கலா இருக்கிறது சகஜம், அதுக்கு உரம் கொட்டாதீங்க.

நூலாம்படைன்னு சொன்னீங்க, அது சிலந்திப்பேனா இருக்கலாம், ஆனா பேன் இருக்கான்னு பார்க்காமலே மருந்து அடிச்சிருக்கீங்க. அடுத்த தடவை ஒரு வெள்ளைப் பேப்பரைக் கிளைக்கு அடியில பிடிச்சுக்கிட்டு கிளையை நல்லா நாலு தட்டுத் தட்டுங்க. பேப்பர்ல தூசி விழும். அரை நிமிஷம் அசையாம பாருங்க. முற்றுப்புள்ளி சைஸ்ல எதாவது தூசி நடக்க ஆரம்பிச்சா அதுதான் பேன். ஒண்ணு ரெண்டு இருந்தா விட்ருங்க, பத்து பன்னெண்டு ஓடுச்சுன்னா ஹோஸ் எடுத்துத் தண்ணியை வேகமா கீழ இருந்து மேல, உள் பக்கம் படுற மாதிரி பீய்ச்சுங்க, நாலு நாளைக்கு ஒரு தடவை மூணு முறை. ஸ்ப்ரூஸ் பேன் குளிர் பிடிச்ச ஜாதி, வசந்தத்துலயும் செப்டம்பர் அக்டோபர்லயும்தான் ஆட்டம் போடும், கடும் வெயில்ல அடங்கிரும். நீங்க ஜூலை ஆகஸ்ட் முழுக்க அடிச்சதெல்லாம் அனேகமா வீண்தான். கடை மருந்து ஏதாவது வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, ஒன்டாரியோவுல வீட்டுத் தோட்ட அழகுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறதுல பெரும்பாலானதுக்கு 2009 ஏப்ரல் 22ல இருந்து தடை. தண்ணியே போதும்.

எங்க வீட்டு டிரைவ்வே ஓரமா வச்ச ஸ்ப்ரூஸ் மார்ச்ல பார்த்தா தெருப் பக்கம் மட்டும் பிரவுனா காஞ்சு போயிருக்கு, வீட்டுப் பக்கம் நல்லா நீலமா இருக்கு. பாதியை வெட்டிடலாமாக்கா? (ஒரு வாசகி, மிசிசாகா)

வெட்டாதீங்க! ஜூன் வரைக்கும் கத்தரியை ஒளிச்சு வைங்க. ஊசி காஞ்சிருந்தாலும் நுனியில மொட்டு உயிரோட இருக்கலாம். ஒரு மொட்டை நகத்தால கிள்ளிப் பாருங்க, உள்ள பச்சையா ஈரமா இருந்தா அது துளிர்க்கும், மடமடன்னு உதிர்ந்தா அந்தக் குச்சி போயிருச்சு, அதை மட்டும் ஜூன்ல எடுத்துருங்க.

தெருப் பக்கம் மட்டும்னு சொன்னதுல பாதி விடை இருக்கு. பனிக்கு உப்பு போடுறோம், கார் அதைத் தெளிக்குது, போதாததுக்கு டிரைவ்வே பனியை சவுள்ல அள்ளி உப்போட சேர்த்துச் செடி மேலயே கொட்டுறோம். உங்களைச் சொல்லல, என் வீட்டுக்காரர் அப்படித்தான் பண்ணுவார், அவருக்கு அது செடி இல்ல, பனி கொட்டுற இடம். ஏப்ரல்ல தரை இளகினதும் அந்தப் பக்கம் மண்ணுல நிறையத் தண்ணி விட்டு உப்பைக் கீழ இறக்குங்க, ஊசி மேலயும் லேசா தெளிங்க. அடுத்த குளிருக்கு டிரைவ்வேல உப்புக்குப் பதிலா மணல் போடுங்க.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கும். எப்பவும் பச்சையா இருக்கிற செடி குளிர்காலத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டுக்கிட்டேதான் இருக்கும், மண்ணு உறைஞ்சிருச்சுன்னா வேருக்கு எடுக்க ஒண்ணும் இல்ல, காத்து அடிக்கிற பக்கம் காஞ்சிரும். நாம அக்டோபர்ல ஹோஸைச் சுருட்டி கராஜ்ல வச்சிருவோம். அதைப் பண்ணாதீங்க, நவம்பர்ல மண்ணு கட்டியாகுற வரைக்கும் தண்ணி குடுங்க, முக்கியமா புதுச் செடிக்கு. அப்புறம் நாலு குச்சி நட்டு தெருப் பக்கம் மட்டும் சாக்குத்துணியைத் திரை மாதிரி கட்டுங்க. செடியையே மூட்டை கட்டாதீங்க, உரசி உரசி நீலம் போயிரும். நாய் இருக்கிற தெருவா? நாய் தினமும் காலைத் தூக்குற இடத்துலயும் தரையை ஒட்டி இதே மாதிரிதான் காயும், குனிஞ்சு பாருங்க, காய்ஞ்சது முழங்கால் உயரத்துக்குள்ளயே நின்னுருச்சுன்னா உப்பைத் திட்ட வேண்டாம்.

ரவுண்டா இருந்த குளோபோசாவுல திடீர்னு உச்சியில ஒரே ஒரு குச்சி நேரா ஒண்ணரை அடி போயிருச்சு. கிறிஸ்துமஸ் மரம் மாதிரி ஆகுதேன்னு பையனுக்கு ஒரே குஷி. விட்டுடலாமா? (ஒரு வாசகர், ஒட்டாவா)

பையன் குஷியைக் கெடுக்கணுமேன்னு இருக்கு, ஆனா உடனே எடுங்க. குள்ள ரகம்னா என்னதான் சொல்லுங்க, பைக்ஸ் பீக் ரத்தம் உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு, எப்பவாவது ஒரு மொட்டு மறந்துபோய்ப் பாட்டன் மாதிரி வளர ஆரம்பிச்சிரும். அப்படி ஒரு குச்சி கிளம்பிட்டா அதுக்குத்தான் எல்லாச் சத்தும் போகும், அஞ்சாறு வருஷத்துல உருண்டை அடியில கிழிஞ்ச பாவாடை மாதிரி தொங்கும், நடுவுல ஒரு மரம் நிக்கும். பாதியில வெட்டாதீங்க, பக்கத்துல இருந்து இன்னொண்ணு தலைவன் ஆயிரும். அது கிளம்பின இடம் வரைக்கும் ஊசியை விலக்கிட்டுப் போய் அடியோட எடுக்கணும், குளிர் முடியுற நேரம் மார்ச் கடைசியில பண்ணுங்க. பிசின் ஒட்டும், பழைய கையுறை போட்டுக்கங்க, கையில ஒட்டினதுக்குத் தேங்காய் எண்ணெய்.

உங்களோடது தண்டு மேல பந்து வச்ச ரகமா இருந்து, தண்டுல பச்சைப் பச்சையா துளிர் வந்தா அது வேற கதை, அது அடிக்கட்டையோட துளிர். ஒட்டு மாங்கன்னுல ஒட்டுக்குக் கீழ வர்றதைக் கிள்ளி விடுவோமே, அதே மாதிரி கிள்ளிருங்க.

அக்கா, நாங்க மிச்சிகன்ல லான்சிங் பக்கம். ஸ்ப்ரூஸ்ல கீழ் கிளையில, உள் பக்கம் ஊசியெல்லாம் ஊதா கலந்த பிரவுன் ஆகிக் கொட்டுது. நுனி மட்டும் நல்லா இருக்கு. பக்கத்து வீட்டுப் பெரிய ஸ்ப்ரூஸும் இதே மாதிரி ஆகி மொட்டையா நிக்குது. தண்ணி பத்தலையா? (ஒரு வாசகி)

தண்ணி ஜாஸ்தின்னு வேணா சொல்லலாம். ஸ்ப்ரூஸ் உள்பக்கப் பழைய ஊசியை உதிர்க்கிறது இயற்கைதான், ஆனா நீங்க சொல்ற நிறமும் பக்கத்து வீட்டு மரமும் சேர்த்துப் பார்த்தா ரைசோஸ்பீரான்னு ஒரு பூஞ்சை மேல எனக்கு சந்தேகம். ஒரு பிரவுன் ஊசியை எடுத்து லென்ஸ்ல பாருங்க. நல்ல ஊசியில நீளவாக்குல வெள்ளைப் புள்ளி வரிசை வரிசையா இருக்கும், அது செடி மூச்சு விடுற துளை. பூஞ்சை பிடிச்ச ஊசியில அந்தத் துளையிலெல்லாம் கருப்பா புள்ளி முளைச்சிருக்கும், அளவுகோல் வச்சுக் கடுகு அடுக்கின மாதிரி இருக்கும். ஒரு தடவை பார்த்தா மறக்காது.

இது காஞ்ச காத்துல பொறந்த மரம். கொலராடோ மலைக்காத்துல ஊசி நனைஞ்சாலும் சட்டுன்னு காஞ்சிரும், மிச்சிகன் மாதிரி ஏரி சூழ்ந்த ஈரமான ஊர்ல வசந்தம் முழுக்க நனைஞ்சே நிக்குது, பூஞ்சைக்கு அது விருந்து. அங்க நீல ஸ்ப்ரூஸ் வரிசையா நலிஞ்சுகிட்டு வர்றது புது விஷயம் இல்ல. புல்லுக்குப் போற ஸ்ப்ரிங்க்ளர் செடி மேல படுதான்னு முதல்ல பாருங்க, பட்டா திருப்பி விடுங்க, தண்ணி வேருக்கு மட்டும் போகட்டும். நெருக்கமா இருக்கிற மத்த செடியை நகத்துங்க, காத்து நடமாடணும். கீழ கொட்டின ஊசியைப் பெருக்கி எடுத்துக் குப்பையில போடுங்க, உரக்குழியில வேண்டாம். உங்க மாநிலத்துல க்ளோரோதலோனில்னு பூஞ்சை மருந்து கிடைக்கும், புது ஊசி பாதி நீளம் வந்ததும் ஒரு தடவை, மூணு நாலு வாரம் கழிச்சு ஒரு தடவை, இப்படி ரெண்டு வருஷமாவது அடிக்கணும், டப்பாவுல போட்டிருக்கிறபடி மட்டும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கிளையைக் கவர்ல போட்டு மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியோட செடி நோய் பார்க்கிற லேபுக்கு அனுப்புங்க. நான் இங்க உக்காந்து கடிதத்தைப் படிச்சுட்டு சந்தேகம்தான் படலாம், அவங்க மைக்ரோஸ்கோப்ல பார்த்துச் சொல்லுவாங்க. போன இடத்துல ஊசி திரும்ப வராது, அதையும் தெரிஞ்சுக்கங்க.

முள்ளு மாதிரி குத்துற செடி வாசலுக்கு நேரா இருக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. வாஸ்துப்படி தப்பா? (ஒரு வாசகி, ஏஜாக்ஸ்)

வாஸ்து எனக்குத் தெரியாது, மாமியார் தெரியும். வாசலுக்கு நேரா வேண்டாம், பக்கவாட்டுல தள்ளி ஹால் ஜன்னல்ல இருந்து தெரியுற மாதிரி வச்சுருங்க. குளிர்காலத்துல நீங்க அதை ஜன்னல் வழியாத்தான் பார்க்கப் போறீங்க, அதனால செடிக்கும் அதான் நல்ல இடம், வீட்டுலயும் நிம்மதி. அப்புறம் அது முள்ளு இல்ல, இலைதான், ஒரு ஊசியை விரல் நடுவுல வச்சு உருட்டுங்க, நாலு பட்டையா உருளும்.

ஸ்ப்ரூஸ் சுத்தி என்ன பூ வைக்கலாம்? இன்னும் ரெண்டு நீலச் செடி சேர்த்து வைக்கலாம்னு இருக்கேன். (ஒரு வாசகி, வாட்டர்லூ)

அந்த ரெண்டை வைக்காதீங்க. கல்யாண வீட்ல மூணு பேர் ஒரே பட்டுச்சேலை கட்டி வந்த மாதிரி ஆயிரும், யாரைப் பார்க்கிறதுன்னே தெரியாது. நீலத்துக்குப் பக்கத்துல எனக்குப் பிடிச்சது மஞ்சளும் அரக்கும். ஸ்டெல்லா டி ஓரோன்னு மஞ்சள் டேலில்லி எங்கயும் கிடைக்கும், சாகவே சாகாது. அரக்கு இலை ஹ்யூகெரா நாலஞ்சு முன்னாடி வைங்க. செப்டம்பர்ல கடையெல்லாம் சாமந்தித் தொட்டியா குவியும், மஞ்சள்ல ரெண்டு வாங்கித் தொட்டியோடவே பக்கத்துல வச்சா நவராத்திரி வரைக்கும் கண்ணைப் பறிக்கும். எதுவா இருந்தாலும் ஸ்ப்ரூஸை உரசாம ஒரு அடி தள்ளி, வேற செடி சாஞ்சு நிழல் விழுந்தா அந்த இடத்துல ஊசி கொட்டி ஓட்டை விழும். தீபாவளியில இருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் சீரியல் லைட் சுத்தலாமான்னு கடிதத்து ஓரத்துல கேட்டிருக்கீங்க, எல்இடி சூடாகாது, சுத்தலாம், ஆனா மேலாப்ல லூஸா போடுங்க, எடுக்கும்போது பிடிச்சு இழுக்காதீங்க.

எங்களுக்கு இருக்கிறது கான்டோ (அடுக்குமாடி வீடு) பால்கனி. தொட்டியில நீல ஸ்ப்ரூஸ் வைக்க முடியுமா? (ஒரு வாசகர், டொரன்டோ)

ப்ளூ ஸ்டார் ஜூனிப்பர் வாங்குங்க. இமயமலை ஜூனிப்பர் வகையில நெதர்லாந்துக்காரங்க கண்டுபிடிச்ச குள்ள ரகம், ரெண்டு மூணு அடிக்கு மேல போகாது, நட்சத்திரம் நட்சத்திரமா நீல ஊசி. தொட்டி அரைச்சாக்கு அரிசி கொள்ற அளவாவது இருக்கணும், அடியில ஓட்டை கண்டிப்பா வேணும். தெற்கு மேற்கு பார்த்த பால்கனின்னா சரி, வடக்குன்னா ஆசையை விட்டுருங்க. குளிர்ல தொட்டியைச் சுவர் ஓரமா ஒதுக்கி வைங்க, பனி இளகுற நாள்ல எட்டிப் பார்த்து காஞ்சிருந்தா ஒரு சொம்பு தண்ணி.

அப்பா கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்கார். எங்க வீட்டு ஸ்ப்ரூஸைத் தினமும் சுத்தி வந்து பார்க்கிறார். போகும்போது ஒரு சின்னச் செடி எடுத்துட்டுப் போகணுமாம், பெட்டியில துணிக்கு நடுவுல வச்சா யாருக்குத் தெரியும்னு சொல்றார். (ஒரு வாசகி, மில்டன்)

ஏர்போர்ட்ல தெரியும். இந்தியாவுக்குள்ள செடி கொண்டு போக 2003ல வந்த தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் இங்க இருந்து நோய் இல்லைங்கிற சான்றிதழும் வேணும், பெட்டியில ஒளிச்சுக் கொண்டு போறதெல்லாம் ஆகாது. சரி எப்படியோ போய்ச் சேர்ந்துருச்சுன்னே வைங்க, கோயம்புத்தூர்ல அதுக்குத் தூக்கம் கிடைக்காது. மாசக்கணக்கா உறைஞ்சு தூங்கி எழுந்தாத்தான் மே மாசம் அந்த மொட்டு ஒழுங்கா உடையும். அங்க மார்ச் வெயில்லயே கதை முடிஞ்சிரும்.

அப்பாகிட்ட பிஸ்மார்க் பனைன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லுங்க. மடகாஸ்கர் மரம், நம்ம பனைமரத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ஓலை அதே விசிறி மாதிரி, ஆனா வெள்ளி கலந்த நீலம், வெயில் எவ்வளவு அடிச்சாலும் சந்தோஷமா இருக்கும், நம்ம ஊர் நர்சரியிலயே கிடைக்குது. அதுக்கும் அந்த நீலம் மேல் பூச்சுதான், ஓலையைத் துணி வச்சுத் துடைச்சு பளபளப்பாக்கக் கூடாது. ஆனா குட்டிச் செடின்னு வாசல்ல வச்சிடப் போறார், 20 அடி விரியும். எத்தனை அடி வளவுன்னு கேட்டு எழுதுங்க, இடம் சொல்றேன்.